ஸ்மார்ட் சுவிட்ச் தானே எரியவும் அணையவும் நேரம் குறிப்பது எப்படி?

வாசல் விளக்கு, மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஆகிய இரண்டையும் வைத்தே இதை விளக்குகிறேன். பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி, தேவை. பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டிக்குள் அது வந்திருக்காது என்பதால், வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். பொருத்திய பிறகு, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வழியாக அந்த சுவிட்சுக்குரிய மொபைல் செயலியில் சேர்த்து, நேர மண்டலம் இந்திய நேரமாக உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும்.

இனி, செயலியில் அந்த சுவிட்சைத் திறந்து, 'ஷெட்யூல்' பகுதியில் நேரத்தையும் கிழமைகளையும் குறித்து, 'ஆன்' என்று சேமியுங்கள். 'ஆஃப்' நேரத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றைக் குறித்தால் மற்றது தானாக வந்துவிடாது.

வாசல் விளக்குக்கு மாலை 6 மணி என்று நிலையாக வைப்பது எனக்கு உடன்பாடில்லை. தஞ்சாவூர் வட்டாரத்தில் கார்த்திகைத் தொடக்கத்தில் 5.50-க்குள் மறைந்துவிடும் சூரியன், ஆடித் தொடக்கத்தில் 6.40 வரை நிற்கிறது. ஆகவே 'ஆட்டோமேஷன்' பகுதியில் உங்கள் ஊரைக் குறிப்பிட்டு, சூரிய மறைவு என்ற நிபந்தனையைத் தேர்ந்தெடுத்தால், ஆண்டு முழுவதும் நேரத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மோட்டாருக்குக் கூடுதல் கவனம் தேவை. சுவிட்சில் 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், அது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற பளுவுக்கான கணக்கு. மோட்டாரோ புறப்படும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எனவே இடையில் ஒரு காண்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, ஸ்மார்ட் சுவிட்ச் அதை மட்டும் இயக்கும்படி அமைப்பதே முறை. அடுத்தது மின்வெட்டு. காலை 5.30-க்கு ஓடத் தொடங்கிய மோட்டார் 5.50-க்கு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்; 5.40-க்குப் போன மின்சாரம் 6 மணிக்குத் திரும்பும்போது, நிறுத்தும் நேரம் கடந்திருக்கும். மின்சாரம் வந்ததும் 'முந்தைய நிலை'க்குத் திரும்பும்படி சுவிட்ச் அமைக்கப்பட்டிருந்தால், தொட்டி நிரம்பி வழிந்த பின்னும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஐப்பசி அடைமழையில் அந்த ஓசைகூடக் காதில் விழாது. ஆதலால் மோட்டாருக்கு இவ்வமைப்பை 'ஆஃப்' என்றே வையுங்கள். விளக்குக்கு 'முந்தைய நிலை' போதும்.

கடைசியாக, குறித்த நேரத்துக்குச் சற்று முன் ரவுட்டரை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சுவிட்ச் அப்போதும் இயங்கினால் அட்டவணை அதன் நினைவகத்திலேயே இருக்கிறது. இயங்காவிட்டால் இணையத்தை நம்பியிருக்கிறது என்று பொருள், அத்தகைய சுவிட்சை மோட்டாருக்குப் பயன்படுத்த வேண்டாம்.