ஐபி எதையும் மாற்றாமல் ஃபயர்வால்: கமிஷன் கடை நெட்வொர்க்கில் டிரான்ஸ்பரன்ட் பிரிட்ஜ்

கம்பம், போடி பக்கத்து ஏலக்காய் கமிஷன் கடைகளில் நெட்வொர்க் பெரும்பாலும் ஒரே சாயல்தான். இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி (ஃபைபர் வயர் வந்து முடியும்) பெட்டியே ரௌட்டர், அதன் ஐபி 192.168.1.1. அதிலிருந்து ஒரு வயர் ஸ்விட்சுக்கு. ஸ்விட்சில் பில் போடும் கம்ப்யூட்டர், எடை மெஷினோடு சேர்ந்த கம்ப்யூட்டர், லேபிள் பிரிண்டர், கேமரா டிவிஆர், கைரேகை வருகை மெஷின். எல்லாவற்றுக்கும் யாரோ எப்போதோ கையால் போட்ட ஐபி. எதை மாற்றினால் எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. குமுளி வழியாகப் போகிற சரக்குக்கு இ-வே பில் எடுக்கிற நேரத்தில் அதைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஃபயர்வாலின் (வருகிற, போகிற டிராஃபிக்கை வடிகட்டும் பெட்டியின்) டிரான்ஸ்பரன்ட் மோட். ஓடுகிற வாய்க்காலில் ஷட்டர் வைப்பது போல. வாய்க்காலின் போக்கு மாறாது, எதை விடுவது என்பது மட்டும் நம் கையில். ஃபயர்வாலின் இரண்டு போர்ட்டையும் ஒரே வயர் போல ஒரு பிரிட்ஜாகக் கட்டி, ரௌட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் செருகுகிறோம். கடையின் ஐபி, கேட்வே எதுவும் மாறுவதில்லை.

கீழே உள்ளது ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளுக்கான முறை. அதே வகையான பிஎஃப்சென்ஸிலும் அடிப்படை இதேதான், மெனுப் பெயர்கள் கொஞ்சம் வேறுபடும்.

எங்கே செருகுவது

இடம் தப்பினால் மற்ற வேலையெல்லாம் வீண். ஓஎன்டி வெறும் பிரிட்ஜாக இருந்து, தனி ரௌட்டர் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையத்தில் சேரும் முறை) டயல் செய்கிறது என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில் வைக்காதீர்கள். அங்கே போகும் ஐபி பாக்கெட் பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும், ஃபயர்வாலுக்கு உள்ளே தெரியாது. ஒன்று மொத்தமாக அடைபடும், இல்லை வடிகட்டாமலே போய்விடும். விஎல்ஏஎன் டேக் (ஒரே வயரில் பல நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் அடையாளம்) போட்ட டிராஃபிக்குக்கும் இதே கதி. டயல் செய்யும் ரௌட்டருக்குப் பின்னால், ஸ்விட்சுக்கு முன்னால்தான் இடம்.

இதைவிட அதிகம் தவறவிடுவது ஓஎன்டியின் வைஃபை. அது ஃபயர்வாலுக்கு வெளிப்பக்கம். அதில் சேர்ந்த போன், லேப்டாப் எதுவும் வடிகட்டப்படாது. அதிலிருந்து உள்ளே இருக்கும் பிரிண்டருக்கும் போக முடியாது. ஆகவே ஓஎன்டியில் வைஃபையை அணைத்துவிட்டு, ஸ்விட்சில் தனி ஆக்சஸ் பாயின்ட் மாட்டுங்கள். பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே அதில் வைத்தால் கடைக்காரர் போனைத் தொடவே வேண்டாம். ஓஎன்டியின் மீதி லான் (உள்பக்க) போர்ட்களில் எதுவும் செருகியிருக்கக் கூடாது.

பெட்டி

குறைந்தது மூன்று ஈத்தர்நெட் போர்ட்: இரண்டு பிரிட்ஜுக்கு, ஒன்று நிர்வாகத்துக்கு. இன்டெல் சிப் இருந்தால் நல்லது. ரியல்டெக் போர்ட்கள் ஓபிஎன்சென்ஸின் அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டியில் பாரம் கூடும்போது தொந்தரவு தருவதுண்டு. பேட்ச் கார்டு எட்டு கம்பியும் சரியாகக் கிரிம்ப் ஆனதாக இருக்க வேண்டும். நான்கு கம்பி மட்டும் தொடுகிற வயரில் ஜிகாபிட் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், பழி ஃபயர்வால் மேல் விழும்.

மேசையில் முடிக்க வேண்டியவை

புதிதாக ஏற்றிய ஓபிஎன்சென்ஸின் லான் ஐபியும் 192.168.1.1. தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியே கடை ஸ்விட்சில் செருகினால் ஒரே ஐபிக்கு இரண்டு பெட்டி சொந்தம் கொண்டாடும். பாதி கம்ப்யூட்டர்களில் இணையம் வந்து வந்து போகும். முழு அமைப்பும் முடியும் வரை கடை வயரைத் தொட விடாதீர்கள்.

முதலில் மூன்றாவது போர்ட்டை நிர்வாகத்துக்கு ஒதுக்குங்கள். ஐபி 192.168.50.1/24. புதிதாகச் சேர்த்த இன்டர்ஃபேசில் அனுமதி விதி எதுவும் இருக்காது. அதன் ரூல்ஸ் பக்கத்தில் 192.168.50.0/24-இலிருந்து ஃபயர்வாலுக்கு வர அனுமதி போடுங்கள். லேப்டாப்புக்கு 192.168.50.10 கொடுத்து, அந்த போர்ட் வழியாக லாகின் ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இந்த வாசல் இல்லாமல் பிரிட்ஜ் கட்டினால், தப்பு நடந்ததும் மானிட்டரும் கீபோர்டும் தேடி அலைய வேண்டும்.

இனி மீதி. அவுட்பவுண்ட் நாட் (வெளியே போகும் பாக்கெட்டின் முகவரியை மாற்றும் வேலை) பக்கத்தில் விதி உருவாக்கத்தை முடக்குங்கள். லானில் ஓடும் டிஹெச்சிபி சேவையை நிறுத்துங்கள். வான் (வெளிப்பக்க) இன்டர்ஃபேசில் பிரைவேட் நெட்வொர்க்குகளையும் போகான்களையும் (இணையத்திலிருந்து வரக் கூடாத முகவரிகளையும்) தடுக்கும் இரண்டு டிக்கையும் எடுங்கள். வெளிப்பக்கத்து ரௌட்டரே 192.168 முகவரியில்தான் இருக்கிறது. அந்த டிக் இருந்தால் ரௌட்டர் கொடுக்கும் டிஹெச்சிபி பதில் அங்கேயே செத்துப்போகும்.

லான், வான் இரண்டிலும் ஐபிவி4, ஐபிவி6 வகையை 'நன்' ஆக்குங்கள். இன்டர்ஃபேசஸ் மெனுவில் டிவைசஸ், அதில் பிரிட்ஜ் (பழைய பதிப்புகளில் அதர் டைப்ஸ்). புதிய பிரிட்ஜில் லானையும் வானையும் சேருங்கள். இரண்டின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச வரம்பு) அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், 1500-ஐத் தொடாமல் விடுவதே உத்தமம். பிறகு அசைன்மென்ட்ஸில் பிரிட்ஜை ஒரு இன்டர்ஃபேசாகச் சேர்த்து 192.168.1.2/24, கேட்வே 192.168.1.1 கொடுங்கள். கடையில் 1.2 காலியாக இருக்கிறதா என்று முன்பே பிங் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஐபி, பெட்டி தன் அப்டேட்டை இறக்கிக்கொள்ள மட்டும்.

அடுத்து டியூனபிள்ஸ், அதாவது சிஸ்டத்தின் உள் அமைப்பு மதிப்புகள். நெட்.லிங்க்.பிரிட்ஜ்.பிஃபில்_மெம்பர், நெட்.லிங்க்.பிரிட்ஜ்.பிஃபில்_பிரிட்ஜ் என்று இரண்டு. முதலாவது 1 என்றால் லான், வான் தனித்தனி விதிப் பக்கங்கள் வேலை செய்யும். இரண்டாவது 1 என்றால் பிரிட்ஜின் ஒரே பக்கத்தில் எல்லா விதியும். ஓபிஎன்சென்ஸ் கையேடு மெம்பர் 0, பிரிட்ஜ் 1 என்று சொல்லும். அது தப்பில்லை. ஆனால் அங்கே உள்ளிருந்து வந்ததும் வெளியிலிருந்து வந்ததும் ஒரே வாசலில் நிற்கும், ஐபியைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். கடை மாதிரி இடத்துக்கு மெம்பர் 1, பிரிட்ஜ் 0 வைப்பதே தெளிவு. இரண்டையும் 1 ஆக்கினால் ஒரே பாக்கெட் இரண்டு தடவை வடிகட்டப்பட்டு லாக் குழம்பும். மாற்றியதும் ரீபூட் செய்யுங்கள்.

விதிகள்

பிரிட்ஜ் கட்டுவது அரை மணி நேர வேலை. நேரம் தின்பது இந்தப் பகுதிதான்.

லான் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் 'லான் நெட்' விதியை நம்பாதீர்கள். லானுக்கு இப்போது ஐபி கிடையாது. ஆகவே 'லான் நெட்' என்பது எதையும் குறிக்காது, விதி இருந்தும் இல்லாத மாதிரி. 192.168.1.0/24-க்கு ஒரு அலியாஸ் (முகவரிகளுக்கு நாம் வைக்கும் பெயர்) உருவாக்கி அதையே மூலமாகக் கொடுங்கள். அலியாஸ் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே ஏற்கும்.

லான் பக்கத்தில் மேலிருந்து கீழ் இந்த வரிசை. முதலில் டிஹெச்சிபி: யுடிபி, மூலம் எதுவும், மூல போர்ட் 68, இலக்கு போர்ட் 67. புதிதாக வரும் போனுக்கு ஐபியே இருக்காது, அது 0.0.0.0 என்று கேட்கும், அலியாஸில் அடங்காது. அதனால்தான் இது தனி விதி. அடுத்து டிவிஆருக்கும் வருகை மெஷினுக்கும் நேரம் சரிசெய்ய யுடிபி 123 மட்டும் அனுமதி. அதற்குக் கீழே அந்த இரண்டு ஐபிக்கும் மொத்தத் தடை, லாக் போட்டு. முதலாளி வீட்டிலிருந்து போனில் கேமரா பார்க்கிற பழக்கம் உள்ளவரா என்று இதைப் போடும் முன் கேட்டுவிடுங்கள். டிவிஆர் வெளியே இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் அந்தப் படம் போனுக்கு வருகிறது, தடுத்தால் அதுவும் நிற்கும். அதன் பிறகு கடை அலியாஸிலிருந்து 192.168.1.1-க்கு 53 (டிஎன்எஸ், தளப் பெயரிலிருந்து ஐபி தேட), எல்லா இடத்துக்கும் இணையதளங்களுக்காக 80, 443, மெயிலுக்கு 587, 993. வாட்ஸாப்புக்கு டிசிபி 5222, அழைப்புக்கு யுடிபி 3478. கேரளப் பக்கத்து வியாபாரிகளோடு விலை பேசுவதே அதில்தான் என்றால் இதை மறந்த அன்றைக்கே போன் வரும்.

வான் பக்கத்தில் ஒரே ஒரு விதி போதும்: 192.168.1.1, மூல போர்ட் 67-இலிருந்து இலக்கு போர்ட் 68-க்கு யுடிபி. டிஹெச்சிபி பதில் திரும்பும் முகவரி, கேட்ட முகவரியோடு பொருந்தாது. ஆகவே மற்றப் பதில்களைப் போல ஸ்டேட் (உள்ளிருந்து தொடங்கிய இணைப்பின் பதிவு) பார்த்துத் தானாக உள்ளே வராது. கேமராவுக்காக எப்போதோ ரௌட்டரில் திறந்துவிட்ட 8000, 37777, 554 போன்ற போர்ட் ஃபார்வர்டுகள் இங்கே முட்டி நின்றுவிடும்.

எந்தப் போர்ட் தேவை என்று உறுதியில்லாத கடையில், முதல் வாரம் கடை அலியாஸுக்கு எல்லாம் அனுமதி என்று கடைசியில் ஒரு விதி வைத்து லாக் போடுங்கள். ஒரு ஏல நாளாவது அந்த வாரத்தில் வர வேண்டும். பிறகு லாக்கைப் பார்த்து இறுக்குங்கள்.

ஐபிவி6-ஐ மறப்பவர்கள் அதிகம். ரௌட்டர் அறிவிப்பு உள்ளே வந்து கம்ப்யூட்டர் ஐபிவி6 முகவரி எடுத்துக்கொள்ளும். வெளியே போக விதி இல்லையென்றால் சில பக்கங்கள் திறக்கத் தயங்கும். 'எல்லாம் போகட்டும்' என்று விட்டால் டிவிஆர் அந்த வழியில் போய்விடும். இரண்டுக்கும் விதி எழுதப் பொறுமை இல்லையென்றால் ரௌட்டரிலேயே ஐபிவி6-ஐ அணையுங்கள்.

நிர்வாக போர்ட் சரியாக வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு, நம்மையே வெளியே பூட்டிவிடாமல் காக்கும் ஆன்டி லாக்அவுட் விதியையும் முடக்கிவிடலாம். வேகத்தைப் பங்கிடும் டிராஃபிக் ஷேப்பர் மட்டும் இந்த அமைப்பில் வேண்டாம், பிரிட்ஜோடு ஒத்துவராது. கடைசியாக, கான்ஃபிகரேஷன் பேக்கப் ஒன்றை இறக்கி பென் டிரைவில் வையுங்கள்.

மாட்டும்போது

கடை மூடிய பிறகு மாட்டுங்கள். ரௌட்டரிலிருந்து வரும் வயர் வானில், ஸ்விட்சுக்குப் போகும் வயர் லானில். பழைய நேர் வயரை மறக்காமல் உருவுங்கள். அது அப்படியே இருந்தால் ரௌட்டரிலிருந்து ஸ்விட்சுக்கு இரண்டு பாதையாகி லூப் விழும்: ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மினுங்கும், எதுவும் பிங் ஆகாது. ஃபயர்வாலின் லான், வான் இரண்டு வயரையும் ஒரே ஸ்விட்சில் செருகினாலும் இதேதான்.

பிறகு ஒரு போனின் வைஃபையை அணைத்துப் போட்டு ஐபி வருகிறதா பாருங்கள். ஒரு லேபிள் அச்சடியுங்கள், இ-வே பில் தளத்தைத் திறங்கள். மொபைல் டேட்டாவிலிருந்து கடையின் வெளி ஐபியில் டிவிஆர் போர்ட்டைத் தட்டுங்கள், திறக்கக் கூடாது. ஏதாவது நின்றால் ஃபயர்வால் லாக்கின் லைவ் வியூவில் அந்த ஐபியைப் போட்டுத் தேடுங்கள், சிவப்பு வரியே எந்தப் பக்கத்தில் எந்தப் போர்ட் என்று சொல்லிவிடும். லாக்கில் எதுவுமே இல்லையென்றால் பாக்கெட் பெட்டிக்கே வரவில்லை, வயரைப் பாருங்கள். ஒரே ஸ்விட்சில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வது ஃபயர்வாலுக்கு வராது, அதை அங்கே தேடாதீர்கள்.

பெட்டி நின்றால் கடையின் இணையம் முழுக்க நிற்கும். ஆகவே ஓஎன்டி, ஃபயர்வால், ஸ்விட்ச் மூன்றும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். மலையடிவாரத்தில் சித்திரை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் நெட்வொர்க் போர்ட்கள் போவது புதிதல்ல. எர்த்திங்கைச் சரிபாருங்கள். கடைக்கும் குடோனுக்கும் நடுவில் செம்பு வயர் வெட்டவெளியில் போகிறது என்றால் ஃபைபராக மாற்றுங்கள். உருவிய பழைய வயரை எறிய வேண்டாம். 'ஃபயர்வால் செத்தால் இதை ரௌட்டருக்கும் ஸ்விட்சுக்கும் செருகவும், மற்ற இரண்டு வயரையும் முதலில் உருவவும்' என்று தமிழில் எழுதி ஒட்டி, ராக்கிலேயே தொங்கவிடுங்கள்.