அம்மா போன் எடுத்தால் அறுந்த ஆட்டம்

கிளிநொச்சி வீட்டிலிருந்து பழைய கூடைப்பந்து ஆட்டங்களை இணையத்திலிருந்து இறக்கிச் சேர்க்கிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் 1998 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம், சிகாகோ 87, யூட்டா 86, நாலு இரவாகப் பாதியில் அறுந்தது. வயர் மாற்றினேன், ரவுட்டர் மாற்றினேன், வைஃபை சனல் 1, 6, 11 எல்லாம் போட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை.

அப்புறம்தான் நேரத்தைக் குறித்தேன். அறுந்ததெல்லாம் அம்மா வவுனியாச் சித்தியோடு கோட்லெஸ் போனில் கதைக்கும்போது! போனின் அடியில் பொடி எழுத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ். எங்கள் வைஃபையும் அதிலேதான். அந்தப் போன் அந்த அலைவரிசை முழுக்கத் தாவித் தாவி இயங்கும் வகை. சனல் மாற்றி என்ன பயன்?

பெட்டியில் டெக்ட் (கோட்லெஸ் போன்களுக்கான முறை) என்று போட்ட, வைஃபையோடு மோதாத 1.9 கிகாஹெர்ட்ஸ் போன் வாங்கினேன். பெரிய நிம்மதி. அன்றிரவே, 5.2 விநாடி மிச்சமிருக்க சிகாகோவின் மைக்கேல் ஜோர்டான் போட்ட கடைசிப் பந்து வரை முழுதாக இறங்கியது. அம்மா அப்போதும் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்.