ஃபெர்ரைட் தயாரிப்பில் சறுக்கும் இடங்கள்

ஆய்வகத்தில் ஃபெர்ரைட் (இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடு சேர்ந்த பீங்கான் வகைப் பொருள்) செய்யும் மாணவர்கள் முதல் வேலையாகப் பொடியருகே ஒரு காந்தத்தைக் கொண்டுபோவார்கள். ஒட்டிவிட்டால் முகத்தில் சிரிப்பு. ஆனால் மேக்னடைட்டும் ஒட்டும், மேக்ஹமைட்டும் ஒட்டும். இரண்டுமே வெறும் இரும்பு ஆக்சைடுகள். நாம் கலந்த நிக்கல் ஸ்பினல் என்ற ஃபெர்ரைட் படிக அமைப்புக்குள் போனதா என்று காந்தம் சொல்லாது. மறுபக்கம், நன்றாகச் சுட்டெடுத்த துத்தநாக ஃபெர்ரைட் அறை வெப்பநிலையில் காந்தத்தை ஏறக்குறையக் கண்டுகொள்ளாது. அது தோல்வியல்ல, அதன் இயல்பு. எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) எடுத்துத்தான் பேச வேண்டும். வழக்கமான தாமிரக் கதிரில் 33 டிகிரியருகே சிகரம் எழுந்தால் ஸ்பினலில் சேராத இரும்பு ஆக்சைடான ஹெமடைட் மிச்சமிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

தவறு பெரும்பாலும் தராசிலேயே தொடங்கிவிடுகிறது. குப்பியில் இருக்கும் ஃபெரிக் நைட்ரேட் ஒன்பது நீர் மூலக்கூறுகளைச் சுமந்தது. மோலார் நிறை 404. அந்த நீரை மறந்து 242 என்று கணக்குப் போட்டு நிறுத்தால், தேவையான இரும்பில் 60 சதவீதம்தான் கலவையில் சேரும். அப்புறம் எத்தனை மணி நேரம் சுட்டும் பயனில்லை.

நைட்ரேட்டுகளைச் சிட்ரிக் அமிலத்தோடு கரைத்து ஜெல்லாக்கிச் சூடேற்றும் சிட்ரேட் ஜெல் முறையில், ஜெல் கடைசியில் தானே பற்றிப் பொங்கும். சின்ன பீக்கர் வேண்டாம். பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. புகைக்கூண்டுக்கு வெளியே இதைச் செய்யவே கூடாது.

நிக்கல்-துத்தநாக வகையைக் காற்றிலேயே சுட்டு ஆறவிடலாம். அதே பழக்கத்தில் மாங்கனீஸ்-துத்தநாகத்தையும் ஆறவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. 1300 டிகிரியில் எல்லாம் சரியாகவே இருக்கும். கெடுவது இறங்கும் வழியில். ஈரிணைதிற மாங்கனீஸ் ஆக்சிஜனைப் பிடித்து மூவிணைதிறத்துக்கு மாற, ஸ்பினல் உடைந்து ஹெமடைட் பிரியும். உட்புகுதிறன் (காந்தப்புலத்தை உள்ளே விடும் திறன்) சரியும், பொடியை அழுத்திச் செய்த வில்லையே விரிசல் விடுவதும் உண்டு. சூடு குறையக் குறைய ஆக்சிஜனையும் குறைத்து, முடிவில் நைட்ரஜனில் ஆற்ற வேண்டும். அந்த வசதி இல்லையா, நிக்கல் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலுமே உயர்சூட்டில் துத்தநாகம் ஆவியாகித் தப்பிக்கப் பார்க்கும். அதே கலவைப் பொடியால் வில்லையை மூடிச் சுடுவது பழைய உத்தி, இன்றும் பலிக்கிறது.

சரி, கோர் (கம்பி சுற்றும் ஃபெர்ரைட் உள்ளகம்) கைக்கு வந்துவிட்டது. மாங்கனீஸ் வகை ஓரளவு மின்சாரம் கடத்தும். பூச்சில்லாத வளையத்தில் நேரே கம்பி சுற்றினால், எனாமல் உரசிய இடத்தில் ஷார்ட் ஆகலாம். டிரான்ஸ்ஃபார்மர் கணக்கை அறைச் சூட்டின் தெவிட்டல் மதிப்பில் (அதற்குமேல் காந்தமேறாத எல்லை) போடுவதும் ஆபத்து: 25 டிகிரியில் 0.5 டெஸ்லாவை ஒட்டி இருப்பது 100 டிகிரியில் 0.4-ஐ ஒட்டி வந்துவிடும்.

ஸ்ட்ரான்சியம் ஃபெர்ரைட் நிலைக்காந்தத்துக்கோ குளிர்தான் எதிரி. சூடு ஏற ஏற அதன் காந்தநீக்கு எதிர்ப்பு (காந்தத்தை இழக்காமல் தாங்கும் திறன்) கூடும், குளிரில் குறையும். சூட்டில் அந்த எதிர்ப்பை இழக்கும் நியோடிமியக் காந்தத்தோடு பழகியவர்கள் சூட்டை மட்டும் சரிபார்த்துவிட்டு, மோட்டார் உறைபனியில் ஓடப்போகிறதா என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.