காபியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்: சாப்பாட்டை மாற்றிப் பதற்றத்தைக் குறைக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

படபடப்பு, காரணமில்லாத பயம், தூக்கம் வராமை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் என்று மருத்துவர்களான எங்களிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலர் இப்போது "டாக்டர், சாப்பாட்டுல என்ன மாத்தணும்?" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் புதிதாக ஆரம்பிக்கும் எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள், முன்பு விழுந்தவர்கள் கால் தடுக்கிய அதே இடத்தில். தண்ணீர் நிறையக் குடியுங்கள், பொரித்ததைக் குறையுங்கள், படுக்கையில் செல்போன் வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

காபியை ஒரே நாளில் நிறுத்துவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை பேரை வீணாக அலையவைக்கும் தவறு வேறு இல்லை.

வழக்கமாக நடப்பது இப்படி. ஒருவருக்கு நாளைக்கு நான்கு டம்ளர் ஃபில்டர் காபி. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஒன்று, அலுவலகத்தில் பத்தரைக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு ஒன்று. படபடப்புக்குக் காபிதான் காரணம் என்று யாரோ சொல்கிறார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஞாயிறு இரவு முடிவெடுத்து, திங்கள் காலை முதல் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அன்று மாலை தலை கனக்கிறது. செவ்வாய்க்கிழமை தலைவலி மண்டையைப் பிளக்கிறது, வாய் திறந்தால் எரிந்து விழுகிறார். புதன்கிழமை எதிலும் பிடிப்பில்லை, அழுகை முட்டுகிறது. வியாழக்கிழமை "காபி இல்லாம எனக்கு டிப்ரஷன் வந்துடுச்சு" என்று பழைய நான்கு டம்ளருக்குத் திரும்புகிறார். அரை மணி நேரத்தில் எல்லாம் தெளிகிறது. காபிதான் தனக்கு மருந்து என்று அன்றைக்கு மனதில் பதிந்துவிடுகிறது. அதன் பிறகு யார் சொன்னாலும் காபியைத் தொடமாட்டார், அதாவது குறைக்கமாட்டார். இன்னும் சிலர் அந்த மூன்று நாள் வாட்டத்தை மனச்சோர்வு நோய் என்று எடுத்துக்கொண்டு மாத்திரை கேட்டு வருகிறார்கள்.

அது நோய் இல்லை. விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். "போதும், ஓய்வெடு" என்று உடம்புக்குச் சொல்வது அதன் வேலை. காஃபீன் அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டு அதன் குரலை அடக்குகிறது. நாள்தோறும் இப்படி நடந்தால் மூளை இருக்கைகளைக் கூட்டிக்கொள்கிறது. காஃபீன் திடீரென வராமல் போகிற அன்று, கூடுதலான அத்தனை இருக்கைகளிலும் அடினோசின் உட்காருகிறது. மூளையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, தலை வலிக்கிறது, உடம்பு துவள்கிறது. கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் இது தொடங்கும். முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். ஒன்பது நாள் வரைகூட நீடிக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம். 5 என்ற மனநோய் வகைப்பாட்டில் காஃபீன் நிறுத்தல் பாதிப்பு தனியாகவே இடம்பெற்றிருக்கிறது.

நடுவில் ஒரு பொறி உண்டு. செவ்வாய்க்கிழமைத் தலைவலிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளிலேயே காஃபீன் இருக்கிறது. அதைப் போட்டதும் தலைவலி சட்டென்று விடுகிறதென்றால், விட்டது வலி மருந்தால் மட்டுமாக இருக்காது. அட்டையின் பின்புறம் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

சரியான முறைக்கு முதலில் கணக்கு வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, 150 மி.லி. வடித்த காபியில் 80 முதல் 120 மி.கி. காஃபீன் இருக்கும். இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்கிறது அந்த வழிகாட்டுதல். கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி. என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. பேனிக் அட்டாக் (திடீரென மூண்டு உச்சத்துக்குப் போகும் பயம்) உள்ளவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. ஆய்வகத்தில் ஒரே தடவையில் நான்கைந்து கப் அளவு காஃபீன் கொடுத்தபோது அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அங்கேயே பேனிக் அட்டாக் வந்திருக்கிறது.

நான்கு டம்ளர்காரரை எடுத்துக்கொள்வோம். டம்ளருக்கு 100 என்று வைத்தால் நாளைக்கு 400. முதல் நான்கு நாள் ஏழு மணிக் காபியை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த நேரத்துக்குச் சுக்குமல்லிக் காபி போதும். பெயரில்தான் காபி, அதில் காஃபீன் கிடையாது. கையில் சூடான டம்ளர் இருப்பதே பாதி ஆறுதல். அடுத்த நான்கு நாள் நாலு மணிக் காபியில் டிகாக்‌ஷனைப் பாதியாக்குங்கள். இதைக் கண்ணால் அளக்கக் கூடாது. இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி ஒன்றை ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 40 மி.லி. விட்ட இடத்தில் 20. அடுத்த நான்கு நாளில் அதையும் நிறுத்துங்கள். மீதி இரண்டு டம்ளர், 200 மி.கி.

அதற்குமேல் குறைக்க நம் ஊரில் ஒரு நல்ல வழி இருக்கிறது. சிக்கரியில் காஃபீன் இல்லை. 80:20 (காபி 80, சிக்கரி 20) பொடி வாங்குகிறவர் கடையில் 60:40 அரைத்துத் தரச் சொன்னால், அதே டிகாக்‌ஷன், அதே நிறம், அதே கெட்டி, காஃபீன் மட்டும் கால் பங்கு குறையும். சட்டப்படி பொடியில் சிக்கரி 49 சதவீதம் வரை போகலாம், விகிதத்தைப் பாக்கெட்டில் போட்டாக வேண்டும். இப்படி மூன்று வாரத்தில் 400இலிருந்து 150க்கு வந்தவருக்கு அநேகமாகத் தலைவலி இருக்காது. இருந்தால் முந்தின படிக்குப் போய் இன்னும் நான்கு நாள் இருந்துவிட்டு இறங்கலாம்.

நேரமும் முக்கியம். குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக் காபியில் கால் பங்கு நள்ளிரவு இரண்டு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இந்த நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். புகைபிடிப்பவர்களுக்கு நேர்மாறு, காஃபீன் சீக்கிரம் கரைந்துவிடும். அதனால்தான் சிகரெட்டை விட்ட வாரத்தில் பலருக்குப் படபடப்பு தாங்க முடியாமல் போகிறது. குடிப்பது அதே நாலு டம்ளர்தான், ஆனால் உடம்பில் நிற்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிக்கோட்டின் ஏக்கம் என்று நினைத்து மறுபடி சிகரெட்டைப் பற்றவைத்துவிடுகிறார்கள். சிகரெட்டை விடும் வாரத்திலேயே காபியையும் பாதியாக்கச் சொல்ல வேண்டும். இதை யாருமே சொல்வதில்லை என்பதில் எங்களுக்குத் தீராத வருத்தம்.

எடுத்ததுமே "மனசுதான்" என்று முடிவு கட்டுவது

முதல் தடவையாக நெஞ்சு வலி, இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் காபிக் கணக்கெல்லாம் அப்புறம். உடனே மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது, எதிலும் மனம் நிற்கவில்லை. இது பதற்றமாகவும் இருக்கலாம், ரத்தசோகையாகவும் இருக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவர் என்று இருக்கும்போது, பரிசோதிக்காமலே "டென்ஷன்மா, யோகா பண்ணுங்க" என்று அனுப்புவது அநியாயம். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாகக் காட்டும்போதே இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை டீயின் டானின் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சைவக்காரர்களும், சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் பி12 பார்த்தாக வேண்டும். அது குறைந்தால் மறதி, எரிச்சல், மனச்சோர்வு, கால் மரத்துப்போவது எல்லாம் வரும். பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் தேறியதுபோலக் காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

தைராய்டில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, தைராய்டு மாத்திரையைக் காலைக் காபியோடு விழுங்குவது. காபி அந்த மருந்தை உறிஞ்சவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. இன்னொன்று, முடி வளரச் சாப்பிடும் பயோட்டின். 5 மி.கி., 10 மி.கி. பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்தால், பல ஆய்வகங்களின் சோதனை முறையில், தைராய்டு நிலையைக் காட்டும் அளவுகளான டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் வரும். இல்லாத தைராய்டு மிகைப்பு இருப்பதாகத் தெரியும். படபடப்போடு வந்தவருக்கு அந்த முடிவு கச்சிதமாகப் பொருந்திவிடும் என்பதுதான் ஆபத்து. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், ஆய்வகத்திலும் சொல்லுங்கள்.

வாழைப்பழத்தில் செரோடோனின் இருக்கிறது என்று நம்புவது

இருக்கிறது. அது மூளைக்குள் போகாது. பசிக்குச் சாப்பிடுங்கள்.

சர்க்கரை நோயாளியின் நடுக்கத்தைப் பதற்றம் என்று தள்ளிவிடுவது

இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் பதினொரு மணிக்குக் கை நடுங்கும், வியர்க்கும், இனம்புரியாத பயம் வரும். அந்த நிமிடத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை நோயே இல்லாதவர்கள் "எனக்கு லோ சுகர்" என்று சொல்வது பெரும்பாலும் பசியும் வெறும் வயிற்றுக் காபியும்தான். இரண்டு இட்லிக்குப் பிறகு அதே காபியைக் குடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

தூக்கத்துக்கு ஒரு பெக்

மது தூங்கவைக்கும், தூங்கவிடாது. உடம்பு அதைக் கரைத்து முடிக்கும் நேரத்தில், விடியற்காலை மூன்று மணிவாக்கில் நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு வரும். மறுநாள் பதற்றம் இருமடங்கு. இதைப் படித்துவிட்டு, தினமும் நிறையக் குடிக்கிற யாரும் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதையடுத்து மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டியது அது.

மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை ஆரம்பிப்பது

உணவு மனநிலையை மாற்றும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஸ்மைல்ஸ் ஆய்வில் மனச்சோர்வுள்ள 67 பேர் இருந்தார்கள். 12 வாரம் காய்கறி, பயறு, மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் என்று உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் தேறினார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். இதை எடுத்துக்காட்டுகிறவர்கள் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தபடியேதான் உணவை மாற்றினார்கள். கொண்டைக்கடலைச் சுண்டலும் மத்தி மீனும் மருந்தோடு சேர்ந்து போக வேண்டியவை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும், மண்டைக்குள் மின்சாரம் சுண்டுவதுபோன்ற உணர்வும் வரும். மருத்துவரைக் கேட்டு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இறக்க வேண்டும்.

அமுக்கராச் (அஸ்வகந்தா) சூரணம் இயற்கைதானே என்று தானாக ஆரம்பிப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். அது தைராய்டு சுரப்பைக் கூட்டலாம், சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. தைராய்டு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தொடக் கூடாது. மற்றவர்களும் சித்த மருத்துவரிடம் மற்ற மருந்துகளைச் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றுவது

காபி, சர்க்கரை, இரவுச் சாப்பாடு, நடைப்பயிற்சி எல்லாம் ஒன்றாக மாறினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒரு நாற்பது பக்க நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும்: காபி குடித்த நேரமும் அளவும், சாப்பிட்ட நேரம், படுத்த நேரம், எழுந்த நேரம், படபடப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். மூன்று வாரத்து வரிகளைப் புரட்டினாலே அடுத்து எதைத் தொடுவதென்று அவருக்குத் தெரிந்துவிடும். அதுவரை காத்திருக்க முடியாத அளவுக்கு மனம் கலங்கினால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், 14416க்கு அழையுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.