அண்ணியிடம் மட்டும்தான் சொன்னேன்

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். 15 வயதுப் பிள்ளை, "நான் பையன் இல்லம்மா, பொண்ணு" என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறதாம். "வெளியில யாருக்கும் தெரியாதுக்கா, சொந்தத்துல நாலு பேருக்குத்தான் சொல்லியிருக்கேன்" என்றார். எனக்கு நெஞ்சு பதறியது. நான் செய்ததும் அதேதான்.

அடிக்கக் கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, நம்மை அறியாமல் நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

பிள்ளையைக் கேட்காமல் சொந்தத்தில் சொல்வது

என் மகள் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது, தான் பையன் இல்லை, பொண்ணு என்று என்னிடம் சொன்னாள். மறுநாளே அண்ணிக்குப் போன் போட்டு அழுதேன். கெட்ட எண்ணம் இல்லை, பாரம் தாங்கவில்லை. அண்ணி தன் அம்மாவிடம் சொன்னார். அப்புறம் அது யார் யாரிடம் போனதோ! தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படியில், பால்குடத்தோடு நின்றவளிடம் தூரத்து மாமா ஒருவர், "என்னடா, பொம்பளையாகப் போறியாமே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அடுத்த வாரம் பள்ளியிலும் அதே பேச்சு.

மாமாவைக்கூட அவள் மறந்துவிட்டாள். "உங்கிட்ட மட்டும்தானேம்மா சொன்னேன்" என்று அன்று கேட்டவள், அதன்பிறகு இரண்டு வருடம் என்னிடம் எதையுமே சொல்லவில்லை. உடம்பு பெண்ணைப் போல மாற வேண்டும் என்று கருத்தடை மாத்திரைகளை வாங்கி, அளவு தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்ததையும் சொல்லவில்லை. அந்த மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இரத்தத்தை உறையவைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். மெத்தைக்கு அடியில் காலி அட்டைகளைப் பார்த்த நாளில்தான், அந்த ஒரு போன் எங்கே கொண்டுவந்து விட்டது என்று புரிந்தது.

யாரிடம் சொல்லலாம், எப்போது, எந்தப் பெயரில் என்று பிள்ளையைக் கேளுங்கள். உங்களுக்கும் அழ ஓர் ஆள் வேண்டும், சரி. சொந்தத்தில் இல்லாத ஒருவரை, முடிந்தால் ஓர் ஆலோசகரைத் தேடிக்கொள்ளுங்கள்.

கிளினிக்குக்குத் தனியாக அனுப்புவது

மலேசியாவில் 12 வயதில் எடுக்கும் அடையாள அட்டையான ஐ.சி.யின் கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அதை நீட்டும் ஒவ்வொரு கவுண்டரிலும் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். காய்ச்சலோடு "போகமாட்டேன்" என்று அடம்பிடித்தால் திட்டாதீர்கள், கூடப் போங்கள்.

சாமியாடியிடம் கூட்டிப்போவது

வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய் வகைப்பாட்டில், பிள்ளை தன்னைப் பொண்ணு என்று உணர்வது மனநோய்ப் பிரிவிலேயே இல்லை.

கூடத்துப் பழைய படங்கள்

பையன் உடுப்பில் எடுத்த படங்களைப் பிள்ளையைக் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

சொன்னதை மறைப்பது

பட்டர்வொர்த் அம்மாவிடம், வேறு யார் வழியாகவும் தெரியவருவதற்குள் நீங்களே பிள்ளையிடம் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றேன். நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தார். சொல்லிவிட்டாராம். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டதாம். இரவு பத்து மணிக்கு மேல் வெளியே வந்து, அந்த நாலு பேர் யார் யார் என்று கேட்டதாம்.