மாட்ரிட்டைச் சுற்றி: போய் வருவதா, தங்கி வருவதா?

ஸ்பெயின் போகிற நண்பர்கள் யோசனை கேட்டு அனுப்பும் பட்டியல்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "மூன்றாம் நாள், காலை டொலேடோ, மாலை செகோவியா." ஏன் என்று கேட்டால், இரண்டுக்கும் மாட்ரிட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தானே என்பார்கள். அது உண்மைதான். அவான்ட் என்ற அதிவேக ரயில் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய அரை மணியில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பியவர்கள், இரவில் ஓய்ந்துபோய்த் திரும்பி வந்து, எந்தக் கோட்டை எந்த ஊரில் இருந்தது என்று படத்தைப் பார்த்து யோசிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். மாட்ரிட்டைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. சிலவற்றுக்கு அரை நாள் தாராளம். சிலவற்றை இரவு தங்காமல் பார்ப்பது, கச்சேரிக்குப் போய் வர்ணம் முடிந்ததும் எழுந்து வருவதைப் போல.

முதல் தவறு, ரயில் ஓடும் நேரத்தைப் பயண நேரமாக எடுத்துக்கொள்வது. செகோவியாவையே பார்ப்போம். நீங்கள் மாட்ரிட்டின் நடுவே சோல் பகுதியில் தங்கியிருக்கிறீர்கள். ரயில் கிளம்புவது வடக்கே இருக்கும் சமார்த்தின் நிலையத்திலிருந்து. அங்கே போக எப்படியும் அரை மணி. அதிவேக ரயில் என்பதால் பையை ஸ்கேனரில் போட்டுத்தான் உள்ளே விடுவார்கள், கடைசி நிமிடத்தில் ஓடி ஏற முடியாது. ரயில் சொன்னபடி அரை மணியில் சேர்த்துவிடும். ஆனால் சேர்ப்பது ஊருக்குள் அல்ல. கியோமார் என்ற அந்த நிலையம் ஊருக்கு வெளியே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, வெட்டவெளியில் இருக்கிறது. அங்கிருந்து நகரப் பேருந்து பிடித்து ஊரின் பழைய ரோமானியக் கால்வாய்ப் பாலத்தடிக்கு வர இன்னும் கால் மணிக்கு மேல். கூட்டிப் பாருங்கள், இரண்டு மணி நேரத்தைத் தொட்டுவிடும்.

இதே ஊருக்கு மாட்ரிட்டின் மொன்க்ளோவாவிலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். இறங்குமிடத்திலிருந்து பாலத்துக்குப் பத்து நிமிட நடை. கட்டணமும் குறைவு. அரச மடாலயம் இருக்கும் எல் எஸ்கோரியாலுக்கும் இதே கதைதான். புறநகர் ரயிலில் போனால் மலையடிவாரத்தில் இறங்கி மடாலயம் வரை ஏற வேண்டும், மொன்க்ளோவாவிலிருந்து போகும் 661, 664 எண் பேருந்துகள் மேலேயே கொண்டுபோய் விடும். ரயில் என்றால் வேகம், பேருந்து என்றால் தாமதம் என்ற கணக்கை இந்த இரண்டு ஊருக்கும் மறந்துவிடுங்கள்.

அப்புறம், டொலேடோ ரயில் கிளம்புவது தெற்கே இருக்கும் அதோச்சாவிலிருந்து. ஆக டொலேடோவையும் செகோவியாவையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே போய், மாட்ரிட்டுக்குத் திரும்பி, ஊரைக் குறுக்கே கடந்து, மறுபடி வடக்கே போக வேண்டும். அந்த நாளில் பாதி நடைமேடையிலும் மெட்ரோவிலும் போய்விடும்.

அடுத்த தவறுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. தூரத்தை வைத்துத் தங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது. "எழுபது கிலோமீட்டர்தானே, எதற்கு ஓட்டல்?" என்பார்கள். நான் தூரத்தைப் பார்ப்பதில்லை. மாலை ஆறு மணிக்குமேல் அந்த ஊர் என்ன ஆகிறது என்று பார்க்கிறேன்.

டொலேடோ தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஒரு பாறைக் குன்றின்மேல் இருக்கிறது. காலை பத்தரை மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து இறக்கிவிடும். இரண்டு பேர் கைகோத்து நடந்தாலே அடைந்துபோகிற சந்துகளில், கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் நாற்பது பேர் போவார்கள். சாந்தோ தோமே தேவாலயத்தில் எல் கிரெகோ வரைந்த 'ஓர்காஸ் பிரபுவின் நல்லடக்கம்' இருக்கிறது. 1580களில் அந்த இடத்துக்கென்றே வரையப்பட்டு, இன்றும் அதே இடத்தில் இருக்கும் ஓவியம். நண்பகலில் போனால் அதை முன்னால் நிற்பவர்களின் தலைகளுக்கு இடையில்தான் பார்க்க முடியும். மேல்பாதியில் இருக்கும் வானுலகம் தெரியும், கீழே இறந்தவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் இரண்டு புனிதர்களின் பொன்னிழை அங்கிகள் தெரியாது.

நான் முதல் தடவை போனபோது மாலை ஐந்தரைக்கு ரயிலைப் பிடிக்க இறங்கி வந்துவிட்டேன். இரண்டாம் தடவை தங்கினேன். ஆறரை மணிக்குப் பேருந்துகள் போய்விட்டன. மர்சிபான் இனிப்புக் கடைகள் ஒவ்வொன்றாக இரும்புக் கதவை இறக்கின. அதுவரை காதில் விழாத சத்தங்களெல்லாம் கேட்கத் தொடங்கின. மேல்மாடியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம், கூரைகளுக்கு மேல் வட்டமடிக்கும் உழவாரக் குருவிகளின் கீச்சொலி. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பேராலய மதிலில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேராலயத்தின் கட்டுமானம் 1226-ல் தொடங்கியது, முடிய 1493 ஆகிவிட்டது. பகலில் அதன் முன் நின்று அண்ணாந்து பார்க்கக்கூட இடமில்லாமல் இருந்தது. இப்போது சதுக்கத்தில் என்னோடு சேர்த்து ஏழெட்டுப் பேர். இருட்டும் நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாயே காட்சிமுனைக்குப் போனேன். ஊர் மொத்தமும் விளக்கேற்றி, ஆற்று வளைவுக்கு மேல் ஒரே பாறையாக எழுந்து நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்கு சாந்தோ தோமே கதவு திறந்தபோது முதல் ஆட்களில் நானும் ஒருவன். அந்த அங்கிகளை நிதானமாகப் பார்த்தேன்.

ஆகவே மாட்ரிட்டுக்கு வெளியே ஒரே ஒரு இரவுதான் செலவிட முடியும் என்றால், அதை டொலேடோவுக்குக் கொடுங்கள் என்பேன். 33 நிமிடம்தான் என்பது தங்காமல் திரும்புவதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

செகோவியாவுக்கு இது பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியவை ஒரு நூலில் கோத்த மாதிரி வரிசையாக இருக்கின்றன. ஒரு முனையில் ரோமானியர் கட்டிய கால்வாய்ப் பாலம். சுண்ணாம்போ வேறு எந்தச் சாந்தோ இல்லாமல், கருங்கல்மேல் கருங்கல்லை வைத்தே 28 மீட்டர் உயரத்துக்கு எழுப்பியது. அங்கிருந்து கடைத்தெரு வழியாக ஏறினால் பெரிய சதுக்கமும் பேராலயமும். மறுமுனையில் கப்பலின் முன்பகுதி போல நீட்டிக்கொண்டிருக்கும் அல்காசர் கோட்டை. காலையில் போய் நிதானமாக நடந்து, சாப்பிட்டு, மாலையில் திரும்பலாம்.

சாப்பிட்டு என்று சொன்னேன். அங்கேதான் இன்னொரு தவறு நடக்கிறது. ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத் தொடங்கும். நான்கு மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள். இரவுச் சாப்பாடு எட்டரை, ஒன்பதுக்கு முன்னால் கிடையாது. ஒரு நாள் பயணத்தில் "எல்லாம் பார்த்துவிட்டு நாலரைக்குச் சாப்பிடலாம்" என்று வைத்திருந்தால் பட்டினிதான், அல்லது ஆறிப்போன சாண்ட்விச். சிறு தேவாலயங்களும் கடைகளும்கூட இரண்டிலிருந்து ஐந்து வரை மூடிக் கிடக்கும். ஆகவே பார்ப்பதைக் காலையில் முடியுங்கள், இரண்டு மணிக்கு உட்காருங்கள். செகோவியாவின் புகழ்பெற்ற உணவு பால்குடிப் பன்றிக்குட்டி வறுவல், கத்திக்குப் பதில் தட்டின் விளிம்பாலேயே வெட்டிக் காட்டுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பக்கத்துப் பெரிய வெள்ளை மொச்சைக் குழம்பைப் பட்டியலில் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம், வழக்கமாக அதில் பன்றி இறைச்சி சேர்த்துத்தான் சமைப்பார்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு முட்டை அடையும், பிஸ்தோ என்ற காய்கறிக் கூட்டும் நம்பிக்கையான துணை. பிஸ்தோவின் மேல் முட்டை வைப்பார்கள், வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கிழமை பார்க்காமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. எல் எஸ்கோரியால் மடாலயமும் அரன்ஹுவேஸ் அரண்மனையும் திங்கட்கிழமை மூடியிருக்கும். டொலேடோவின் எல் கிரெகோ அருங்காட்சியகமும், எல் திரான்சிதோ யூத ஆலயத்தில் இருக்கும் செஃபார்தி அருங்காட்சியகமும் அப்படித்தான். மன்னர் இரண்டாம் பிலிப்பு 1563-ல் தொடங்கி 1584-ல் முடித்த எஸ்கோரியாலை வெளிச்சுவரோடு பார்த்துவிட்டுத் திரும்புவது கொடுமை. திங்களன்று மாட்ரிட்டிலேயே இருந்து பிராடோ அருங்காட்சியகத்தைப் பாருங்கள், அது வாரம் முழுக்கத் திறந்திருக்கும். பிக்காசோவின் குவெர்னிகா ஓவியம் இருக்கும் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை என்பதால், செவ்வாய் ஊருக்கு வெளியே போக நல்ல நாள்.

எஸ்கோரியால், அரன்ஹுவேஸ், 'தோன் கிஹோத்தே' எழுதிய செர்வாந்தேஸ் பிறந்த அல்காலா தே எனாரெஸ் மூன்றுக்கும் தங்க வேண்டிய தேவையே இல்லை. ஆவிலா இரண்டுங்கெட்டான். ரயிலில் ஒன்றரை மணி, ஊரைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டர் மதில், மதில்மேல் நடப்பதற்கு அரை நாள் போதும். ஆனால் இரவில் குவாத்ரோ போஸ்தேஸ் மேட்டில் நின்று ஒளியூட்டிய மதிலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் தங்கித்தான் ஆக வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,130 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் நல்ல கம்பளி உடை இல்லாமல் அந்த மேட்டுக்குப் போகாதீர்கள்.

சலமான்கா, கோர்தோபா விஷயத்தில் நடப்பது வேறு. இரண்டும் ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் காலையில் போய் இரவு திரும்பும் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். சலமான்காவின் கட்டடங்கள் பக்கத்து வில்யமயோர் ஊர்க் கல்லால் ஆனவை, சாயும் வெயிலில்தான் அந்தக் கல் பொன்னாகிறது. 1755-ல் கட்டி முடித்த பெரிய சதுக்கத்துக்கு விளக்குப் போட்டதும் மாணவர்களும் தாத்தா பாட்டிகளும் வந்து நிறைவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் ரயிலில் இருந்தால் போனதற்குப் பலன் பாதிதான். கோர்தோபாவுக்குப் போய்விட்டு மாட்ரிட் திரும்புவதோ வீண் அலைச்சல், ஏனென்றால் அது தெற்கே செவிய்யா (செவில்) நகருக்குப் போகும் பாதையிலேயே இருக்கிறது. எப்படியும் தெற்கே போகப் போகிறீர்கள் என்றால், போகிற வழியில் கோர்தோபாவில் இறங்கி ஓர் இரவு தங்கி, மறுநாள் அங்கிருந்தே செவிய்யாவுக்கு ரயில் ஏறுங்கள். அதேபோல் குவென்கா வலென்சியா பாதையில் இருக்கிறது. ஆனால் டொலேடோவை இப்படி வழியில் சேர்க்க முடியாது. வரைபடத்தில் தெற்கே இருந்தாலும் அந்த ரயில்பாதை அங்கேயே முடிகிறது. செவிய்யாவும் கோர்தோபாவும் இருக்கும் தென்பகுதியான ஆந்தலூசியா போக மறுபடி அதோச்சாவுக்குத்தான் வர வேண்டும்.

திரும்பி வரும் டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் ஆபத்து. அவான்ட் ரயிலில் எல்லா இருக்கையும் முன்பதிவு, நின்றுகொண்டு வர முடியாது. ஒரு ஞாயிறு மாலை டொலேடோ நிலையத்தில் கேட்டபோது கடைசி ரயில் வரை இடமில்லை என்றார்கள். நல்லவேளையாகப் பேருந்து இருந்தது. மாட்ரிட்டின் எலிப்திகா சதுக்கத்துக்கு அடிக்கடி பேருந்து உண்டு, முன்பதிவு தேவையில்லை. இந்த மாற்று வழியைத் தெரிந்து வைத்திருந்தால் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்க வேண்டாம்.

தங்குவது என்று முடிவு செய்தவர்கள் பெரிய பெட்டியோடு கிளம்பிவிடுகிறார்கள். டொலேடோவின் சந்துகள் கூழாங்கல் பதித்த ஏற்றம், பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் குதித்துத் தெருவையே எழுப்பும். மாட்ரிட் ஓட்டலிலேயே மறுபடி ஓர் இரவு தங்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியை அங்கே விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். முதுகுப்பை ஒன்று போதும். பாஸ்போர்ட்டை மட்டும் மறக்க வேண்டாம். ஸ்பெயினில் தங்குமிடங்கள் விருந்தினர் விவரத்தைப் பதிவு செய்தாக வேண்டும், கேட்பார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டிலோ இலங்கைப் பாஸ்போர்ட்டிலோ போகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். செங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும் என்பதால், எல்லா இரவுக்கும் மாட்ரிட்டில் ஒரே ஓட்டலில், பணம் திரும்பாத சலுகை விலையில் பதிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் டொலேடோவில் தங்க ஆசை வந்தாலும் ஓர் இரவுக்கு இரண்டு அறைக்குப் பணம் கட்ட மனம் வராது. எந்த ஊரில் தங்குவது என்பதை விசாவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

கடைசியாக, மாதத்தைப் பாருங்கள். ஜூன் கடைசியில் மாட்ரிட்டில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிடும், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டு. கோடையில் ஒரு நாள் பயணம் நீளமாகத் தோன்றினாலும் ஜூலை, ஆகஸ்ட் பிற்பகலில் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, டொலேடோவின் பாறை அடுப்பாகக் காயும். அப்போது ஊருக்குள் ஓர் அறை இருந்தால் மூன்று மணிக்குப் போய்ப் படுத்துவிட்டு, ஏழு மணிக்கு எழுந்து வெளியே வரலாம். அறையை மதிலுக்குள்ளேயே எடுங்கள். ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஓட்டல்களிலிருந்து காட்சி அருமைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஊருக்குள் வரக் கீழே இறங்கி மேலே ஏற வேண்டும், இரவில் டாக்சியை நம்பியே இருக்க நேரும். டொலேடோவில் கார்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருவிழா வாரம் மட்டும் வேறு. தெருக்களுக்கு மேலே துணிப்பந்தல் கட்டி ஊரே ஊர்வலத்துக்குத் தயாராகும் நாட்கள் அவை. அந்த வாரத்தில் போவதாக இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே அறையைப் பிடித்துவிடுங்கள்.