ஈரல் புற்றுநோய் ஆய்வுக்கு எலியைத் தெரிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஈரல் புற்றுநோய் ஆய்வுக்காகப் பரம்பரையலகு மாற்றப்பட்ட சுண்டெலிகளைத் தேடும் மாணவர்கள், எந்த எலியில் கட்டி விரைவாகத் தோன்றும் என்றே முதலில் கேட்கிறார்கள்; எந்த நோயாளியின் ஈரலை அது ஒத்திருக்கிறது என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். மனிதரில் ஈரற்கலப் புற்றுநோய் பெரும்பாலும் சிரோசிஸால் வடுப்பட்ட ஈரலிலேயே உருவாகிறது. பல எலி மாதிரிகளில் அந்த வடு இருப்பதில்லை.

இலங்கையில் ஹெபடைட்டிஸ் பி தொற்றுக் குறைவு, கொழுப்பு ஈரலோ பரவலாகக் காணப்படுகிறது. ஆகவே கட்டி வளர்ச்சியைத் தடுக்கும் பிடென் என்ற பரம்பரையலகு ஈரலில் மட்டும் நீக்கப்பட்ட எலி நமக்கு மிகப் பொருத்தமானதாகத் தோன்றும், ஏனெனில் அதில் முதலில் கொழுப்பும் பின்னர் அழற்சியும் இறுதியில் கட்டியும் வருகின்றன. ஆனால் நம் நோயாளிகள் பலரும் நீரிழிவுக்காரர்கள், அவர்களது உடல் இன்சுலினுக்கு இணங்குவதில்லை. அந்த எலியின் உடலோ இன்சுலினுக்கு வழமையை விட நன்றாக இணங்குகிறது. இதைக் கவனியாமல் நீரிழிவு மருந்தொன்றைச் சோதித்தால் முடிவு தவறான திசைக்கே இட்டுச்செல்லும்.

குறித்த பரம்பரையலகை வெட்டி நீக்கும் கிரீ என்ற நொதி ஈரலில் இயங்கும் அல்புமின்-கிரீ எலியைப் பயன்படுத்திவிட்டு, முதிர்ந்த ஈரற்கலத்தில் மட்டுமே மாற்றம் செய்ததாக எழுதுவதும் தவறு. அந்தக் கிரீ பிறப்புக்கு முன்பே, பித்தக்கான் கலங்களும் தோன்றுகின்ற முன்னோடிக் கலங்களில் இயங்கத் தொடங்கிவிடுகிறது. முதிர்ந்த கலமே உங்கள் கேள்வியென்றால், வளர்ந்த எலிக்கு ஈரற்கலத்தை நாடும் ஏஏவி8 வைரசு வழியாகக் கிரீயைச் செலுத்துங்கள். ஒப்பீட்டுக்கு ஒரே ஈற்றுக் குட்டிகளே வேண்டும், கிரீ மட்டும் உள்ளவையும் அவற்றுள் இருக்க வேண்டும்.

ஆண் எலிகளுக்குக் கட்டி கூடுதலாக வரும். சி3எச் இனம் சி57பிஎல்/6 இனத்தை விட எளிதில் பாதிக்கப்படும். ஆண் பெண் எலிகளையோ வெவ்வேறு இனங்களையோ கலந்துவிட்டால், பரம்பரையலகின் விளைவைப் பிரித்தறிய முடியாது.

நம் ஊருக்கே உரிய ஒரு தவறும் உண்டு. ஆய்வுகூடங்களில் வழக்கமான 22 பாகை எலிக்குக் குளிர். ஏறத்தாழ 30 பாகையே அதற்கு இதமானது, அந்த வெப்பத்தில் கொழுப்புணவு உண்ணும் எலியின் ஈரல் நோய் கடுமையாகிறது. மின்வெட்டில் குளிரூட்டி நின்றுவிட்டால் கொழும்பு அறை அந்த வெப்பத்தை நெருங்கிவிடும். ஆகையால் அறையின் வெப்பநிலையை நாள்தோறும் பதிந்து, ஒவ்வொரு கூட்டின் முடிவுகளையும் அந்தப் பதிவோடு சேர்த்தே வாசியுங்கள்.